கையைத் தூக்கிய ஜெர்மானியன்

"உங்க மேல ஒரு புகார் இருக்கு சார்."

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பழைய காமிக்ஸ் சந்தை. 1979, ஒரு சனிக்கிழமை. கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்று இப்படி ஆரம்பித்தவர் டெரிக் ஸ்பூனர், தபால்காரர். மேஜைக்கு அந்தப் பக்கம் ஓவியர் வால்டர் தாக்ரே. இருபத்தைந்து வருஷமாகப் போர்க்கதைகளும் கௌபாய் கதைகளும் வரைகிறவர்.

"சொல்லுங்க," என்றார் தாக்ரே, பேனாவைத் திறந்தபடி.

ஸ்பூனர் பையிலிருந்து ஒரு கட்டு காமிக்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் சீட்டு செருகியிருந்தது.

"இந்த மூஞ்சியைப் பாருங்க. ஒட்டின கன்னம், பெரிய காது. ஜெர்மன் சிப்பாய். கையைத் தூக்கிட்டு சரணடையறான். இது பாலைவனத்துல நடக்கற கதை. இது ரஷ்யப் பனியில. இங்கேயும் வந்துட்டான்!"

"ஊர் சுத்தறவன் போல."

"நாப்பத்தோரு புஸ்தகத்துல பார்த்துட்டேன். ஒண்ணுல கூட அவன் சாகலை."

"நாப்பத்திநாலு. மூணு உங்ககிட்ட இல்லை போல."

"இதையும் பாருங்க, கௌபாய் கதை. பேங்க் கொள்ளைக்காரன், அதே காது! கூட இருந்த ஆறு பேரையும் தூக்குல போடறாங்க. இவனுக்கு மட்டும் ஷெரிஃப் ஒரு குதிரையைக் கொடுத்து அனுப்பறார். குதிரை எதுக்கு சார்?"

"நடந்தா ரொம்ப தூரம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்பூனர் சிரிக்கவில்லை.

"சிரிக்கிற விஷயம் இல்ல. எங்க அண்ணன் ஜெர்மன்காரங்களோட சண்டை போட நார்மண்டிக்குப் போனவன் திரும்பி வரவே இல்ல. அவனைச் சுட்ட கூட்டத்துல ஒருத்தனை நீங்க இருபத்தஞ்சு வருஷமா சாக விடாம காப்பாத்தறீங்க. வீட்டுல உக்காந்து பென்சில் பிடிக்கறவருக்கு அவன் மேல அப்படி என்ன பாசம்?"

தாக்ரே பேனாவை மூடினார்.

"நானும் நார்மண்டியில இருந்தேன். காலாட்படை."

ஸ்பூனரின் குரல் இறங்கியது. "அப்போ... இவன் நிஜ ஆளா?"

"நிஜம்தான். ஒரு பண்ணையை வளைச்சோம். மாட்டுக் கொட்டகையிலிருந்து கையைத் தூக்கிட்டு வெளியே வந்தான். பத்தொன்பது வயசு இருக்கும். எனக்கு நேரா வந்து நின்னான். துப்பாக்கி கூட இல்ல."

ஸ்பூனர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுடுங்க சார். தெரியாம வாயை விட்டுட்டேன். கூட இருந்தவங்க செத்து விழற இடத்துல, ஒருத்தனை உயிரோட விடறதுக்குப் பெரிய மனசு வேணும்."

தாக்ரே அந்தக் காமிக்ஸை மெதுவாக மூடி, அவர் பக்கம் நகர்த்தினார்.

"விடலைங்க. சுட்டுட்டேன்."