குதிகால் உயரம்

“இங்க தள்ளல சார், அங்க போனாத்தான்…”

“எங்கயும் தள்ளாதும்மா, மூணு தடவ நானே அளந்து…”

“கம்பெனில நின்னா முன்னால தள்ளுது சார். இறக்கத்துல எறங்கறாப்ல. முட்டி தானா மடங்கிக்கிது.”

“அதான் எப்படின்னு கேக்கறேன். இங்க அன்ன நடை நடக்கறீங்க. இதே கால் ஆம்பூர் போனா மட்டும் மடங்குமா?”

ஹேமந்தின் குரல் உயர்ந்துவிட்டது. நடை பழகும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே வெறுங்காலோடு நின்றிருந்த சுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள்.

செயற்கைக் கால் செய்யும் பட்டப்படிப்பில் அவனுக்குக் கடைசி வருஷம். யார் துணையும் இல்லாமல் அவன் செய்த முதல் கால் இது. சுந்தரி ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை தடவுகிறவள். பைபாஸில் லாரி மோதி இடது முட்டிக்குக் கீழே போய்விட்டது. புதுக் காலை மாட்டிக்கொண்டு போனவள், வாரத்துக்கு ஒரு தரம் பஸ் ஏறி வேலூருக்கு வந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“திங்கக்கெழம வந்து எட்டு மணி நேரம் நிக்கணும், இல்லன்னா வேற ஆளப் போட்டுக்குவோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு சார்.”

“வேலைக்குப் போக மனசில்லன்னா வீட்ல சொல்லிடுங்க. நான் செஞ்ச கால் மேல பழி போடாதீங்க.”

பக்கத்து மேசையில் உடன் படிக்கும் மூன்று பேர் சிரித்தார்கள்.

“என் நடதான் கோணலோ இன்னாவோ” என்றாள் சுந்தரி, தரையைப் பார்த்து.

அவன் ஃபைலை இழுத்து, ‘கால் சரி. நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினான். மை காய்வதற்குள் தோளுக்குப் பின்னால் குரல் கேட்டது.

“சுந்தரி, கம்பெனில கால்ல இன்னா போட்டுக்கினு நிப்பீங்க?”

துறைத் தலைவி மெர்சி மேடம்.

“ஷூ மேடம். இல்லன்னா உள்ள விடமாட்டாங்க.”

“எங்க அது?”

“வெளில, படிக்கட்டாண்ட.”

மேடமே போய் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். கறுப்பு ஷூ. குதிகால் கட்டைவிரல் அகலத்துக்கு உயர்ந்திருந்தது.

“கால வெறுங்காலுக்கு நிமித்தி வெச்சிருக்க ஹேமந்த். குதிகால்ல ஒரு இஞ்ச் ஏத்தினா ஆளு முன்னால சாயாம இன்னா செய்வாங்க? போடற செருப்பக் கேளு, அப்புறம் கால நிமித்துன்னு முதல் வருஷமே சொன்னேனே. அதுவும் நீ ஆம்பூர்க்காரன்.”

ஹேமந்துக்குக் காது மடல் சுட்டது.

மேடம் சுந்தரியிடம் திரும்பினார். “ஏன் சுந்தரி, இத ஏன் வெளில கழட்டிட்டு வர்றீங்க?”

ஹேமந்த் சட்டென்று ஷூவைப் பார்த்தான். முதல் நாள் அவள் இந்த ஷூவோடுதான் உள்ளே வந்தாள். ‘டேனரி வந்துடுச்சுடா’ என்று எவனோ முனக, எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ‘அத வெளிய விட்டுட்டு வாங்கம்மா, ரூமெல்லாம் தோல் நாத்தம்’ என்று விரட்டியவன் அவன்தான்.

சுந்தரி அவனை ஒரு கணம் பார்த்தாள்.

“பழக்கம் மேடம். நாலு பேரு படிக்கற எடத்துல செருப்போட வரலாமா?”

“இனிமே போட்டுக்கினே வாங்க” என்று சொல்லிவிட்டு மேடம் போனார். போகிறபோது அந்த ஃபைலையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

ஹேமந்த் மண்டியிட்டான். கணுக்கால் திருகைத் தளர்த்தி, சாய்வை மாற்றி, ஷூவைத் தன் கையாலேயே மாட்டிவிட்டான். சுந்தரி எழுந்தாள். கம்பியைத் தொடாமல் நான்கு எட்டு நடந்தாள், திரும்பி அவனிடமே வந்து நின்றாள். முட்டி மடங்கவில்லை.

மன்னிப்புக் கேட்க அவன் வாயைத் திறந்தான்.

இத்தனை நாளும் அவனை ‘சார்’ என்றே கூப்பிட்டவள், அவன் தோளில் கையூன்றிக் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“வெளிய விடச் சொன்னத உங்கம்மாகிட்ட நான் சொல்லல, தம்பி. எங்க கம்பெனில இந்த ஜோடியத் தச்சதே அவதான்.”