தேவையில்லாத இரண்டு வரிகள்

“இந்த ரெண்டு வரியும் நமக்குத் தேவையில்ல சுஜிந்தன். தூக்கிருவம்,” என்றாள் ஸம்றா.

எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் முறை என்று விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பழைய புரோகிராமை இருவரும் பைதன் என்ற கணினி மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இருபது வருடத்துக்கு முன் இதே அலுவலகத்தில் வேலைசெய்த ஜெமீலும் அழகரெத்தினமும் சேர்ந்து விஷுவல் பேசிக்கில் எழுதியது அது.

“என்ன வரி?”

“வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம் முஸ்லிம் ஆக்கள்ற வயலுக்கு முறை போடாதாம். ஆடி அமாவாசைக்குத் தமிழ் ஆக்கள்ற வயலுக்குப் போடாதாம். ரெண்டு பேரும் தங்கடதங்கட ஆக்களுக்குச் சலுகை எழுதி வெச்சிரிக்காங்க. பொது வேலையில இது என்னத்துக்கு?”

சுஜிந்தன் திரையை எட்டிப் பார்த்தான். “எழுதினவங்கட பேரும் கீழ கிடக்கே. வாசிச்சீங்களா?”

ஸம்றா வாசித்தாள். வெள்ளிக்கிழமை வரியின் கீழே அழகரெத்தினம் என்றிருந்தது. ஆடி அமாவாசை வரியின் கீழே ஜெமீல்.

அவள் இரண்டு பெயர்களையும் மறுபடி வாசித்தாள்.

“அப்ப, அழிக்கவா?” என்றான் அவன்.

“வேணாம். வெள்ளிக்கிழமை வரிய நீங்க பைதனுக்கு மாத்துங்க. ஆடி அமாவாசைய நான் எழுதுறன்.”

எழுதி முடித்ததும், ஜெமீலின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் சேர்த்தாள்.