பஸ்காலே சாட்சி

“சீக்கிரம் கையை நீட்டுங்க, மகாராணிகளே! ஊசி குத்திக்கிட்டா கால் மணி நேரம் உட்காரலாம், அதுவும் சம்பளத்தோட!”

சுகாதாரத் துறை நர்ஸ் கரீன் குளிர்பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்ததும் சிமோன்தான் முதலில் குரல் கொடுத்தாள். சிங்கி இறால் உடைக்கும் அந்த ஆலையில் வருஷா வருஷம் அக்டோபரில் நடக்கிற கூத்து இது. ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் மயக்கம் கியக்கம் வருகிறதா என்று பார்க்கப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. காலையிலிருந்து ஈரத்தரையில் நின்று கால் மரத்துப்போனவர்களுக்கு வேறென்ன வேண்டும்? மளமளவென்று வரிசை நீண்டுவிட்டது.

மிரேய் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஆறு மாத வயிறு ஏப்ரனை முட்டிக்கொண்டிருந்தது.

“நீ போகலையா?” என்றாள் பக்கத்தில் இருந்த லுசெட். வேலையில் எதிரெதிரே நிற்கிறவர்கள். மிரேய்க்கு இந்த ஊரில் நெருக்கம் என்றால் அவள்தான்.

“வேண்டாம்ப்பா.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“போட்டுக்கோன்னுதான் சொன்னாரு. இவானைக் கேட்டேன். ‘உன் இஷ்டம்’னு சொல்லிட்டுப் படகுல ஏறிட்டான். புருஷன்களுக்கு அது ஒண்ணு சுலபம்!”

சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் பயம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. ஒன்று பத்தாம் வாரத்தில் போனது, இன்னொன்று பதினாலாம் வாரத்தில். இந்தத் தடவை காப்பியை விட்டாள். மண்டை பிளந்தாலும் மாத்திரையைத் தொடவில்லை. இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற உயிர் உள்ளே இருக்கும்போது, யாரோ எதையோ உடம்பில் ஏற்றுவதா? 

“பள்ளிக்கூடத்துல பாதிப் பேர் காய்ச்சல்னு வரலையாம்” என்றாள் லுசெட். “ஒரு ஊசிதானே, போட்டுக்கோ கண்ணு.”

“சரி, நீ சொல்லு. உன் பையன் பஸ்கால் வயித்துல இருந்தப்போ நீ போட்டுக்கிட்டியா?”

லுசெட் உரித்த ஆரஞ்சுப் பழத்தின் நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல” என்றாள் கடைசியில்.

“பார்த்தியா! பதினாறு வயசுல ஆறடி. போன சனிக்கிழமை ஐஸ் ஹாக்கி ஆட்டத்துல கோலை மறைச்சுக்கிட்டு நின்னானே, அப்பாடி, ஒரு கோல் விழுந்துச்சா? எனக்கு டாக்டர் எதுக்கு, நர்ஸ் எதுக்கு? உன் பையன் ஒருத்தன் போதும் சாட்சிக்கு.”

“அவனை விடு. உன் கதையைப் பேசு.”

“ஏன் விடணும்? நீ மட்டும் ஊசியும் போடாம கீசியும் போடாம சிங்கக்குட்டியாப் பெத்து வளர்த்துட்டே. உபதேசம் எல்லாம் எனக்கா?”

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் மேசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. வாய் மூடாத சிமோன்கூட ஊசி குத்திய கையைத் தேய்த்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கியூபெக்கிலிருந்து போன வருஷம்தான் வாழ்க்கைப்பட்டு வந்தவள் மிரேய். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

வரிசை முடிந்தது. கரீன் அவளிடம் வந்தாள். “உனக்கு மட்டும் இல்லம்மா. பொறந்த குழந்தைக்கு ஆறு மாசம் ஆகிற வரைக்கும் இந்த ஊசி போட முடியாது. இப்ப நீ போட்டுக்கிட்டா, அதுக்கும் கொஞ்சம் காப்பு.”

“அடுத்த வாரம் யோசிச்சுச் சொல்றேனே.”

“அடுத்த வாரம் நான் வேற ஊர்ல இருப்பேன்.”

மிரேய் வயிற்றைப் பார்த்தாள். உள்ளே இருப்பது ஒரு முறை புரண்டு படுத்தது. நன்றாகத்தானே இருக்கிறது? நன்றாக இருப்பதைப் போய் எதற்குத் தொட வேண்டும்?

“வேண்டாம். லுசெட்டுக்கு ஒண்ணும் ஆகலையே, எனக்கு என்ன ஆயிடப் போகுது?”

கரீன் தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியை மூடப் போனாள். சட்டென்று லுசெட்டின் கை மூடியைப் பிடித்துக்கொண்டது.

“ஒரு நிமிஷம் இரு, கரீன்.” அவள் மிரேய் பக்கம் திரும்பினாள். “மிரேய், சாட்சின்னு சொன்னேல்ல? அப்போ சாட்சி சொல்றதை முழுசாக் கேளு. பஸ்காலை நான் பெறலை. பெத்தவ என் தங்கச்சி நதாலி. பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம். ஏழாம் மாசத்துல மூச்சுவிட முடியாம ஆஸ்பத்திரிக்குப் போனா. நினைவு தப்பினப்புறம் ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்தாங்க. அவ கண்ணைத் திறக்கவே இல்ல. இவன் மூஞ்சியைக்கூடப் பார்க்கல.”

மிரேயின் கை தானாக வயிற்றின் மேல் போயிற்று. 

“அந்த வருஷம் ஊசி வரலையா?”

“வந்துச்சு. இதே ஆலைக்குத்தான் வந்துச்சு. நதாலி வரிசையில போய் நின்னுட்டா” என்றாள் லுசெட். “‘புள்ளத்தாச்சிக்கு எதுக்குடி இந்த வம்பு, வா’ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தவ நான்தான்.”