பத்துக்கு எட்டில் ஒரு பட்டா

எங்கள் காலனிக்குப் பட்டா வழங்கியது அரசாங்கம் அல்ல. நான்தான். பத்துக்கு எட்டு அடியில், நாலு சவுக்குக் கட்டையில் கட்டி, மெயின் ரோட்டைப் பார்த்தபடி.

சட்டசபையில் மசோதா தாக்கலான அன்று காலை, கட்சிக் கிளைச் செயலாளர் சுப்புராமன் என் ஃப்ளெக்ஸ் கடைக்கு போன் செய்தார்.

"தாவீது, டிவி பாத்தியா? முப்பது வருசமா பொறம்போக்குல கீறவங்களுக்குப் பட்டாவாம். எதிர் கோஷ்டி முந்திக்கப் போறானுங்க. மத்தியானத்துக்குள்ள பேனரு நிக்கணும்."

ஃப்ளெக்ஸ் கடையில் யாரும் எதையும் புதிதாகச் செய்வதில்லை. பழைய ஃபைலைத் திறப்போம், பெயரை மாற்றுவோம், பிரிண்டுக்கு அனுப்புவோம். போன வருடம் அடித்த 'பேருந்து நிழற்குடை வழங்கிய தலைவருக்கு நன்றி' கையில் இருந்தது. நிழற்குடையை அழித்துவிட்டு வீட்டுமனைப் பட்டாவைப் போட்டேன். மீதி அப்படியே போய்விட்டது.

நிழற்குடை நிஜமாகவே வந்திருந்தது. பட்டா வந்திருக்கவில்லை.

மசோதா தாக்கலாவது வேறு, சட்டமாவது வேறு என்று பத்தாம் வகுப்பில் பாடம் உண்டு. நான் அந்தப் பாடத்தை இரண்டு வருடம் படித்தவன்.

சாயங்காலம் காலனியே பேனருக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டது. யாரோ சரவெடி வைத்தார்கள். எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா எனக்கென்று தனியாகச் சங்கரா மீன் வறுத்துக் கொண்டுவந்தாள். சட்டம் இயற்றியவனுக்கு உண்டான மரியாதை.

மறுநாள் சுப்புராமன் திரும்பவும் கூப்பிட்டார். குரலில் பாதியைக் காணோம். மசோதாவை ஓட்டுக்கு விடாமல் தேர்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்களாம். கூட்டத்தொடரும் முடிந்துவிட்டதாம்.

"பேனர இப்ப எறக்காத. அசிங்கமாப் போய்டும்."

அந்த அசிங்கத்தில் எனக்கும் பங்கு இருந்தது. அதனால் இறக்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், காலனி போகும் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் சம்மதக் கையெழுத்துப் போட்டால் அச்சரப்பாக்கம் பக்கம் மாடி வீடு. போடாவிட்டால் ஒன்றும் கிடையாது.

சர்ச் வாசலில் கூட்டம் போட்டோம். பட்டா வந்த பிறகு எவன் மாடி ஏறுவான்? ஒருத்தரும் போடுவதில்லை என்று முடிவானது.

முப்பத்தொரு வீடு. அந்த ஒரு வாரத்தில் எப்படியோ ஒன்பது கையெழுத்து விழுந்தது. யார் யார் என்று அதிகாரிகள் சொல்லவில்லை. காலனியில் எல்லோரும் எல்லோரையும் பார்த்து, கர்த்தர் மேல் ஆணையாக நான் இல்லை என்றார்கள்.

கெடு முடிந்த பிறகுதான் பட்டா வரவில்லை என்பது காலனிக்குத் தெரிந்தது. இதெல்லாம் நடந்து நான்கு மாதம். மசோதா இன்னும் குழுவில்தான் இருக்கிறது. ஜேசிபி மட்டும் இன்று காலையே வந்துவிட்டது.

சர்ச் சுவரில் வீடு கிடைத்தவர்களின் லிஸ்டை ஒட்டியிருந்தார்கள். ஒரே கூட்டம். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

என் அறையைக் காலி செய்ய இருபது நிமிடம் போதும். அதனால் ஜெசிந்தா அக்கா வீட்டுக் கூரைமேல் ஏறித் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கினாள். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. அணுபுரம் குவார்ட்டர்ஸில் நாலு வீட்டு வேலையும் இந்த ஒரு வீடும்தான் அவளுக்கு.

இனிமேல் எங்கே என்று கேட்டேன்.

"கோவளத்துல தங்கச்சி வூடு கீது."

அந்தத் தங்கச்சியோடு ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது என்பது காலனிக்கே தெரியும்.

"அக்கா, பத்துக்கு எட்டு சைஸ்ல பட்டா குடுத்த ஒரே ஆபீசர் நான்தான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் மட்டமான ஜோக்குக்கெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவள்.

பேனருக்காக இந்த நான்கு மாதமும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "வுட்றா, கம்ப்யூட்டரு பண்ண தப்புக்கு நீ இன்னா பண்ணுவ" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவாள். ஒரே ஒரு தடவை காறித் துப்பியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கடைசித் தகரத்தையும் இறக்கிவிட்டுக் கேட்டேன்.

"உண்மையச் சொல்லுக்கா. என் பேனர நம்பித்தானே நீ கையெழுத்துப் போடல?"

தகரத்தைச் சுவரில் சாய்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"பேனர எவன்டா நம்புவான்? வேலை செய்ற வூட்டு சாரு பேப்பர் பாத்து அப்பவே சொல்லிட்டாரு, சட்டமும் வரல ஒண்ணும் வரலன்னு. கையெழுத்துப் போடக் கெளம்பிட்டேன். உன் கடையாண்ட வந்து, 'நீ போட்டியாடா'ன்னு கேட்டேன். 'போடலக்கா, போடவும் மாட்டேன்'னு சொன்ன. சரி, இவன் நம்ம கூட கீறான்னு வூட்டுக்குத் திரும்பி வந்துட்டேன். லிஸ்ட்டுல மூணாவது பேரு உன்துடா."