ஒரு சொட்டு

"அந்த முன் சக்கரத்தைப் பார்க்கவே முடியலண்ணே," என்று பட்டறையில் நின்ற லாரியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அவள்.

மெக்கானிக்கும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் புருஷன் அவருக்குப் பல வருஷத்துச் சிநேகிதன். வீட்டு வாசல் சரிவில் நிறுத்தியிருந்த இதே பழைய லாரி உருண்டு வந்துதான் அவன் உயிரைக் குடித்தது.

"கீழ ஏதோ சொட்டுதேன்னு குனிஞ்சாரு. பார்க்லதான் போட்டிருந்தாரு. நான் உள்ள அடுப்படியில இருக்கேன். சத்தம் கேட்டு ஓடி வந்தா எல்லாம் முடிஞ்சிருச்சு." இதை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாலும், சொல்லும்போதெல்லாம் அழுகை புதிதாகத்தான் வந்தது.

அது கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் லாரி. லீவரை 'பார்க்'குக்குத் தள்ளினால் கியர் பெட்டிக்குள் ஓர் இரும்புக் கொக்கி பல்லில் விழுந்து வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குக் கடைசியாக ஆயில் மாற்றியவர் இந்த மெக்கானிக். ஊருக்கு வேறென்ன வேண்டும்? 'சிநேகிதனையே கொன்னவன்' என்று சலூனில் அவர் காதுபடவே பேசினார்கள். "நெஜமாவே எல்லாத்தையும் சரியாப் பூட்டினீங்களா?" என்று அவர் வீட்டுக்காரியே ஒரு நாள் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

விற்கப்போவதாகச் சொல்லித்தான் அவள் ஆள் வைத்து லாரியைக் கொண்டுவந்து விட்டாள். அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டிவிடுங்கள் என்றாள். இந்த மாடலுக்கு வேறு பெட்டிக்கு எங்கே போவது? அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதையே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்.

கருகிப்போன பிளேட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மலையேற்றத்திலும் வழுக்காத கனமான பிளேட்டுகளாகப் போட்டார். ஆயில் கொதிக்காமலிருக்க முன்பக்கம் பெரிய கூலர் ஒன்று வைத்தார். சீல்களை ஒவ்வொன்றாக எண்ணெயில் தோய்த்து, பச்சைக் குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோலப் பொருத்தினார். செத்தவனுக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?

"ஏறி உட்காரும்மா. நீ லீவரை மாத்து, நான் வெளிய நின்னு பார்க்கிறேன்."

"எனக்கு வண்டியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுண்ணே. டிரைவர் சீட்ல உட்கார்ந்ததுகூட இல்ல."

"சும்மா உட்காரு. இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அந்தக் குச்சியை 'டி'க்குக் கொண்டு வா, போதும்."

அவர் சொல்லாமலே அவள் பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை இழுத்தாள். வண்டி ஒரு சின்ன உதறல்கூட இல்லாமல் கியரில் விழுந்தது. கியர் விழுந்த அந்த மெல்லிய சத்தம் கேட்ட சுகத்தில் மெக்கானிக்குக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"இப்போ பார்க்ல போடு."

போட்டாள். பட்டறை வாசல் நல்ல சரிவு. லாரி ரோட்டைப் பார்த்து நின்றது. சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்திருந்த கற்களை அவர் ஒவ்வொன்றாகக் காலால் எத்திவிட்டார். லாரி நின்ற இடத்திலேயே நின்றது.

"பார்த்தியா, இம்மி நகரல. ஒரு சொட்டு எண்ணெய் கசியாது. கசிஞ்சா இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இருந்தாலும் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு காட்டணும். மனசைத் தேத்திக்கோ." கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புத் துண்டை ஜன்னல் வழியாக நீட்டினார். "வண்டியைப் பிடிக்கிற பழைய கொக்கி இதுதான். இது தானா தேயல. யாரோ அரம் போட்டு ராவியிருக்காங்க, கோடு கோடாத் தெரியுது பார். அடியில ஆயில் தட்டைக் கழட்டினாலே கை எட்டுற இடம். எங்கிட்டேர்ந்து வண்டி போனதுக்கப்புறம் எவனோ செஞ்ச வேலை."

அவர் ஜன்னல் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் கொல்லலம்மா. உன் புருஷனை நான் கொல்லல."

அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை.

"யாருக்கெல்லாம் காட்டினீங்க?"

"உனக்குத்தான் மொதல்ல. என் வீட்டுக்காரிகிட்டகூட மூச்சு விடல. சாயங்காலம் போலீசுக்குப் போவோம், ரெண்டு பேருமா."

"கண்டிப்பாப் போவோம்ணே. உங்க மேல விழுந்த பழி போகட்டும்." இரும்புத் துண்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

மெக்கானிக்குக்கு உடம்பே லேசாகிவிட்டது. இனி சலூனுக்குத் தலைநிமிர்ந்து போகலாம். வீட்டுக்காரி முகத்தைப் பார்த்துச் சாப்பிடலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் வந்து நின்று, அதன் மூக்கைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார்.

அவள் ஒரு கையை லீவரில் வைத்தபடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அண்ணே, கீழ ஏதோ சொட்டுது பாருங்க."