பங்குப் பூனை

மாதா கோயிலில் எலித்தொல்லை தாங்கவில்லை. பீடத்து மெழுகுவர்த்திகளையெல்லாம் கடித்துத் தின்றன. ஊரில் ஒரு பக்திமான், எலி பிடிக்கிற பூனைக்குத் தினமும் பால் கொடுக்கச் சொல்லி, தன் பசுவைக் கோயிலுக்கே எழுதிவைத்தார். கோயிலையும் அதைச் சேர்ந்த ஊரையும் பங்கு என்பார்கள்; அதிலிருந்து, பங்குச் சாமியார் மாதிரி, அங்கிருந்த பூனைக்குப் பங்குப் பூனை என்று பட்டம்.

பால் ருசி கண்ட பூனை, வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது.

ஒருநாள் மீன் சந்தையிலிருந்து கறுப்புப் பூனை ஒன்று வந்தது.

"அண்ணே, நீங்க பங்கைக் கவனிக்கிறதே இல்லைன்னு ஊரெல்லாம் பேச்சு."

"யார் சொன்னது? கிண்ணத்தைப் போய்ப் பாரு. என் பங்குல ஒரு சொட்டு மிச்சமிருக்கா?"

"அந்தப் பங்கு இல்லண்ணே. எலிங்க?"

"ஓ, அதுவா! நீயே பார்த்துக்கோ. கிண்ணத்தை நக்கிக்கலாம்."

கறுப்புப் பூனை உடனே உள்ளே பாய்ந்து ஓர் எலியைக் கவ்வியது. மேலும் நாலைந்தைத் துரத்தியது. பங்குப் பூனை பதறி எழுந்து, முதன்முறையாகப் பாய்ந்தது, கறுப்புப் பூனையின் மேல்.

"மடையா! எலியெல்லாம் தீர்ந்துபோனா பால் எதுக்குடா தருவாங்க?"

கறுப்புப் பூனை ஓடியது. வாயிலிருந்த எலியும் தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை எலிகளெல்லாம் மெழுகு ஒட்டிய மீசையோடு முழந்தாளிட்டன.

"ஆண்டவரே, எங்கள் பங்குப் பூனைக்கு நீடிய ஆயுள் தந்தருளும்."

"ஆமென்," என்றது பூனை, பால் ஒட்டிய மீசையோடு.