மேலே அனுப்பும் பொறுப்பு

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே பெருமாள்மலை முக்கில், மலைமேல் இருக்கும் விடுதி ஒன்றின் முன்பதிவு அறைக்குள், கணினித் திரையைப் பார்த்தபடி நதியா கல்லாய் உட்கார்ந்திருக்கிறாள். சன்னல் கண்ணாடியில் மூடுபனி அப்பிக் கிடக்கிறது. பகலிலேயே எரியும் குழல்விளக்கின் கீழ் அவளுடைய டீ ஆடை கட்டிவிட்டது. "வறவறன்னு எழுதாதம்மா, படிக்கிறவுக சிரிக்கணும்" என்று முதலாளி தங்கமுத்து சொல்லியிருந்தார். அதனால், அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அறை கேட்ட கரூர்க்காரருக்கு நேற்று அவள் இப்படிப் பதில் போட்டாள்: 'கவலையை விடுங்கள் சார். அப்பாவை மேலே அனுப்பிவைப்பது எங்கள் பொறுப்பு. போனவர்கள் யாரும் திரும்பிவர ஆசைப்பட்டதே இல்லை!' எழுதிவிட்டுத் தானே சிரித்தும்கொண்டாள். இந்த ஊரில் மேலே என்றால் கொடைக்கானல். பிறந்ததிலிருந்து அவளுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் தோன்றியதில்லை. இப்போது திரையில் பதில் வந்து நிற்கிறது: 'அப்பா இன்று காலை இறந்துவிட்டார். உங்கள் கடிதத்தை நேற்று அவர்தான் எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.' படித்தபோது அவர் சிரித்தாரா என்று அதில் இல்லை. நதியா மறுபடி முதலிலிருந்து தேடுகிறாள். இல்லை. தங்கமுத்து கதவருகே எட்டிப்பார்க்கிறார். "என்னத்தா, கரூர்க்காரவுக எப்ப வாராக?" அவள் திரையை அவர் பக்கம் திருப்பிவைக்கிறாள். வாசலில் ஜீப்காரர் வண்டிக் கதவைத் தட்டித் தட்டிக் கூவுகிறார்: "மேல போறவுக வெரசா ஏறுங்க! இன்னும் ஒரு ஆளுக்கு எடங் கெடக்கு!"